பதினோராவது கட்டம்

குனோங் ராபாட், ஈப்போ
2.1.1978

அன்புள்ள நவமணிக்கு,

நான் நலம். அடுத்த ஞாயிறு நீ சுங்காயில் ரயில் ஏறுகிறாய் என்று மாமா எழுதியிருந்தார். அதற்குமுன் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். ஆகவே சுற்றி வளைக்கவில்லை.

உனக்கு ஜொகூர் பாரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் என் அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை. "பரிசம் போட்ட பொண்ண ரெண்டு வருஷம் அந்தக் கோடியில கொண்டு வெக்கிறதா? கட்டிக்கிட்டுப் படிக்கட்டுமே லா" என்கிறார். படிப்பு முதலில், கல்யாணம் 1980 தை மாதம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி சாமான். பிளாஸ்டிக் வாளி ஒன்று. அடியில் பெயிண்டால் பெயர் எழுது; பக்கத்தில் எழுதினால் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். பூட்டு இரண்டு. டார்ச் லைட். ஃபியூஸ் கம்பி கொஞ்சம் இத்துடன் வைத்திருக்கிறேன். விடுதிகளில் விளக்கு ஹோல்டரிலேயே இஸ்திரிப்பெட்டியை மாட்டுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து மாட்டினால் மாடி முழுக்க இருட்டு. மெயினை அணைத்துவிட்டுக் கம்பியை மாற்று. எப்படி என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன்.

முதல் வாரம் சீனியர்கள் பாடச் சொல்வார்கள். பாடிவிடு. பாடமாட்டேன் என்று நின்ற ஒருத்தனை மூன்று வாரம் பாடவைத்தார்கள். அது நான்தான். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்பதைச் சமையற்காரரிடம் முதல் நாளே சொல். மூன்றாம் நாள் போனால் பட்டியல் எழுதி முடித்திருப்பார்கள்.

படிவங்கள் விஷயத்தில் மட்டும் கவனம். தெரிந்ததை எழுது. நிச்சயமில்லாத கட்டத்தை வெறுமையாக விடு. வேண்டுமென்றால் ஆபீஸ் கிராணி கூப்பிட்டுக் கேட்பார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வெட்கப்பட்டு அப்பாவின் தொழில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்று எழுதினேன். அவர் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிற கூலிக்காரர். படிப்பு முடியும்வரை ஃபைலில் மண்டோர் மகனாகவே இருந்தேன். ஒவ்வொரு படிவத்திலும் அதே பொய்யைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

உடனே பதில் போடு.

உன்
ஜெயபாலன்


ஜொகூர் பாரு
29.1.1978

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் வாளி, பூட்டு, கம்பி எல்லாவற்றோடும் நானும் வந்து சேர்ந்தேன். அத்தைக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

பாடச் சொன்னார்கள், பாடினேன். பாதியில் அவர்களே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வெள்ளிக்கிழமை நீங்கள் எழுதின மாதிரியே வெளிச்சம் போனது. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் டார்ச்சையும் உங்கள் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கம்பியை மாற்றினேன். என் அறைத்தோழி சாலேஹா, மூவார்ப் பெண், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது மாடி முழுக்க என் பெயர் 'காக் ஃபியூஸ்'. ஃபியூஸ் அக்கா!

சாப்பாட்டுக் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே ஒரு மேசையில் தமிழ்ப் பெண்கள் ஆறு பேர் உட்காருகிறோம். அதில் சந்திரமதி என்று ஒருத்தி, தைப்பிங்கில் ரயில்வே அதிகாரி மகள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. முதல் நாளே "நீர் எந்த எஸ்டேட்?" என்றாள். நான் எஸ்டேட் என்றே சொல்லவில்லையே என்றேன். "வாளிக்கு அடியில பேர் எழுதுற ஆக்கள் வேற எங்க இருந்து வருவினம்?" என்றாள். எனக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அத்தான், பாடம் எல்லாம் மலாயில். பாதி புரிவதற்குள் மீதி போய்விடுகிறது. காலை ஐந்துக்கே விழித்துவிடுகிறேன், தோட்டத்தில் ஆளெடுக்க அடிக்கும் பெரட்டு மணி இங்கே அடிக்காததால். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். நீங்களும் நம் தோட்டத்திலிருந்து படிக்கப் போனவர்தானே? ஒருநாளாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடிவிடலாம் என்று தோன்றியதா? எனக்குத் தினமும் தோன்றுகிறது.

அன்புடன்,
நவமணி


குனோங் ராபாட்
6.2.1978

அன்புள்ள நவமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஃபியூஸ் மாற்றினபோது ஸ்டூல் மரமா இரும்பா என்று எழுதவில்லை. இரும்பு என்றால் அடியில் ரப்பர் செருப்பு வை.

தினமும் தோன்றுவது தூக்கக் குறைவால். ஐந்துக்கு விழித்தால் எழுந்து உட்கார்ந்து முந்தின நாள் குறிப்பைப் படி. புரியாத மலாய்ச் சொல்லுக்கு நோட்டில் வலப்பக்கம் இடம் விடு. மாலையில் சாலேஹாவிடம் கேட்டு நிரப்பு. அவளுக்குக் கணக்கு வராது என்றால் நீ சொல்லிக்கொடு. ஓசியில் எதையும் கேட்காதே.

அந்தக் காற்றாடி மேசையை விடு. வசதியாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன். அங்கே உட்கார்ந்தால் இரண்டு வருடம் கழித்தும் சுங்காயில் ஏறினபோது இருந்த மலாய்தான் இருக்கும்.

அம்மாவுக்குக் கால்வலி தேவலை. உடனே பதில் போடு.

உன்
ஜெயபாலன்


ஜொகூர் பாரு
11.3.1979

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். பரீட்சை முடிவு வந்தது. மலாயில் ஏழாவது ஆளாக வந்திருக்கிறேன். மேசையை விட்ட அன்று சந்திரமதி, "ஏன், எங்களோட இருந்தா ஏதும் ஒட்டிப்போடுமோ?" என்று கேட்டாளே, அவளே நேற்று மலாய்க் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி என் அறைக்கு வந்தாள். உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மாதம் கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் பயிற்றுப்பணி. முதல் நாள் மூன்றாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். நான்காவது பெயர் பாப்பா. எழுந்து நின்ற பிள்ளையின் விரலெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. காலையில் அம்மாவோடு பால் பிடிக்கும் மங்கு துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். நானும் அப்படித்தானே பள்ளிக்கூடம் போனேன். அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை. பின்னால் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். கடைசியில் அந்தப் பாப்பாவே, "டீச்சர், அடுத்தது முனியம்மா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததுண்டா? போன வருடமும் கேட்டேன். தீபாவளிக்கு வந்தபோதும் கேட்டேன். நீங்கள் ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், இரண்டு வரி எழுதினாலும் போதும்.

அன்புடன்,
நவமணி


குனோங் ராபாட்
17.3.1979

அன்புள்ள நவமணிக்கு,

ஏழாவது என்பது நல்லது. முதல் ஐந்துக்குள் வரப் பார்.

குரல் போனால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. வகுப்பில் முதல் வரிசையைப் பார்க்காதே. கடைசி வரிசையைப் பார்த்துப் பேசு. குரல் தானாக எழும். பெயர்களை முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டால் அடுத்தது யார் என்று பிள்ளை சொல்ல வேண்டியிருக்காது.

இங்கே ஈயம் எடுக்கும் லம்பத்தில் ஒரு மோட்டார் பம்ப் எரிந்துபோய் நான்கு நாளாக அதே வேலை. உடனே பதில் போடு.

உன்
ஜெயபாலன்


குனோங் ராபாட்
20.8.1979

அன்புள்ள நவமணிக்கு,

இது முக்கியம். இரண்டு தரம் படி.

அடுத்த வாரம் உங்களுக்கு வேலையிடப் படிவம் கொடுப்பார்கள். அதில் பதினோராவது கட்டம்: ஓராண்டுக்குள் திருமணம் நிச்சயமாகியிருந்தால் மாப்பிள்ளையின் பெயர், வேலையிடம். என்னோடு வேலை செய்யும் ஐயாவுவின் மனைவி டீச்சர். அதை நிரப்பினதால்தான் இங்கே பக்கத்திலேயே செமோர் கிடைத்ததாம். நிரப்பாதவர்களைக் கெடா, பகாங் என்று எங்கே ஆள் இல்லையோ அங்கே போடுகிறார்கள்.

எழுத வேண்டியது: ஜெயபாலன் த/பெ சன்னாசி, மின்சார சார்ஜ்மேன், ஈய லம்பம், செமோர். என் அடையாளக் கார்டு எண்ணைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். கறுப்பு மையில் எழுது.

பின்னறைக்கு வயரிங் நானே போட்டு முடித்தேன். உன் மேசை வரப்போகிற இடத்துக்கு மேலே தனி விளக்கு, தனி ஸ்விட்ச். நிழல் வலக்கையில் விழாது.

படிவம் கொடுத்ததும் எழுது.

உன்
ஜெயபாலன்


ஜொகூர் பாரு
9.12.1979

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். படிவம் கொடுத்ததும் எழுதச் சொன்னீர்கள். மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். இடையில் இரண்டு கடிதம் போட்டும் இதைச் சொல்லாமல் மழுப்பியது என் தவறுதான்.

எனக்குக் கெடாவில் ஒரு தோட்டப் பள்ளி கிடைத்திருக்கிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், பிறகு நடை.

பதினோராவது கட்டத்தை நான் நிரப்பவில்லை.

துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கறுப்பு மை பேனாவைத் திறந்து, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நிச்சயமில்லாததை எழுதாதே என்று என்னை இங்கே அனுப்பும்போதே நீங்கள் சொன்னீர்கள். நிச்சயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை, அத்தான். உங்கள்மேல் கோபமும் இல்லை. நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. உங்கள் கடிதங்களை ஜூனியர்கள் வாங்கிப் படித்துவிட்டு வாளிக்கு அடியில் பெயர் எழுதுகிறார்கள். சந்திரமதிதான் ஒருநாள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "உம்மட அத்தான் நல்ல வாத்தியார். அவருக்குக் கடிதம்தான் எழுதத் தெரியாது" என்றாள். நான் சண்டை போட்டேன். போட்டுவிட்டு நானும் புரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு கடிதம். ஸ்டூல் மரமா இரும்பா என்று இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் எதிலும் இல்லை.

தை மாதம் அந்த மேசையில் வந்து உட்கார்ந்தால் விளக்கு நன்றாக எரியும். அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் நிச்சயமாகத் தெரிகிறது.

அப்பாவுக்கும் அத்தைக்கும் இனிமேல்தான் எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் கார்டு எண் எழுதின துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நவமணி


குனோங் ராபாட்
27.12.1979

அன்புள்ள நவமணிக்கு,

கடிதம் கிடைத்தது. துண்டும் கிடைத்தது.

நீ யாருக்கும் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் சுங்காய் போய் மாமாவிடம் நானே சொன்னேன். எனக்கும் சரிப்படவில்லை என்றேன். மாமா என்னிடம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அம்மாதான் சத்தம் போட்டார். "அவளப் படிக்கப் போட்டதே நீதான் லா! எங்கிட்டக் கேட்டியா? இப்ப நீயே அனுபவி!" என்றார். எனக்கும் சரிப்படவில்லை என்றது பொய். அது எந்த ஃபைலிலும் போகாது, பரவாயில்லை.

கட்டத்தை நீ வெறுமையாக விட்டது சரி. நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நீ மூன்று தரம் கேட்டதற்கு: ஆம்.

1972, பாலிடெக்னிக்கில் சேர்ந்த மூன்றாம் வாரம். விரிவுரையாளர் என்னை எழுப்பி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பதற்றத்தில் தமிழில் பதில் சொல்லிவிட்டேன். பதில் சரி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. மத்தியானம் பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்காய் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கம்பார் வந்ததும் வாளியை விடுதியில் விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அப்பா பீடோரில் வாங்கித் தந்த புது வாளி. பெயர் எழுதவில்லை, யாராவது எடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் இறங்கினேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். அழுதேன். ஒரு சீனக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

போனபோது வாளி அங்கேயேதான் இருந்தது.

இதை உனக்கு எழுத ஏன் இரண்டு வருடம் ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியாததை எழுதாமல் விடுகிறேன்.

ஜெயபாலன்

பி.கு.: அந்தத் தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டர்தான் என்று இங்கே சொன்னார்கள். எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள்? அதற்குப்பிறகு நீ என்ன செய்வாய்? கேள்விதான், ஆலோசனை இல்லை.