காந்த மாமாவுக்குப் பறக்கிற பவர்

வியாசர்பாடி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ரமாபாய்க்கு நைனா எழுதுவது. ஜெய்பீம். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாண்ட்ரியல் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, மணலிப் பக்கத்து ஆலைக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால்தான் இருமுகிறாள். நான் டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டு சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடையில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறேன், உட்கார்ந்து செய்கிற வேலை, கவலைப்படாதே. போன் இருக்கும்போது நைனா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ கூப்பிடுகிற நேரத்தில் உன் மாமன் செங்குட்டுவன் எங்கே இருந்தாலும் வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான், அவனை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

நீ வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்து வரைந்து நெட்டில் போடுகிற அந்தக் காந்த மாமா கார்ட்டூன் இங்கே என்ன பாடுபடுத்துகிறது என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. தொப்பை, லாடக் காந்தம் மாதிரி வளைந்த மீசை, கையை நீட்டினால் இரும்பெல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கொள்வது, பார்த்த உடனே இது சாத்தாங்காட்டு வெல்டிங் பட்டறை செங்குட்டுவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டுதான் நடக்கிறான். டோல்கேட் டீக்கடையில் அவனுக்கு உட்கார இடம் விடுகிறார்கள், பட்டறை வாசலில் உன் பொம்மையைப் பெரிய பேனராகப் போட்டுக் கட்டியிருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. அவன் உன் அம்மாவின் தம்பி, என்னைத்தான் மாமா என்று கூப்பிடுவான், இப்போது தெருவே அவனை மாமா என்கிறது. அதைக்கூட விடு. அந்த மூன்றாவது கதையில் காந்த மாமா ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக் கரையில் கப்பல் காட்டுகிறாரே, அந்தத் தோள் யாருடையது அம்மா. உனக்கு அந்த வயது நடந்தபோது உன் மாமன் விசாகப்பட்டினத்தில் வேலையில் இருந்தான். லோடு இறக்கிவிட்டுத் தூக்கம்கூடத் தூங்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அந்தக் கதையைப் பார்த்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படி இருக்கும்போது, மாமாவுக்கு இன்னொரு சக்தி வரப்போகிறது, என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று நீ கேட்டுவிட்டாய். அவ்வளவுதான், ஊர் இரண்டு பட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து காலேஜ் படிக்கிற உஸ்மா என்ற பெண் எல்லாரையும் கூட்டி, போன ஞாயிற்றுக்கிழமை நம் மன்றத்து ஹாலில் விவாதமே வைத்துவிட்டாள். உன் மாமன் மேடையில், கழுத்தில் சால்வை. நானும் அம்மாவும் கீழே நாலாவது வரிசையில். உஸ்மாவின் அண்ணன் மொஹ்சின் எழுந்து, பவர்னா பறக்கிறதுதான் பவரு, மத்ததெல்லாம் சும்மா என்றான். உஸ்மா ஒத்துக்கொள்ளவில்லை, மாமா பறந்துக்கினே பூட்டார்னா நம்ம தெருவுல யாரு நடப்பாங்கோ, எண்ணூர்ல தண்ணி மேல எண்ணெ மெதக்குது, அதுல முங்கி மீனயெல்லாம் காப்பாத்தற பவர்தான் வேணும் என்றாள். ஒரு அம்மா, கன்டெய்னர் லாரிங்க ரோட்ட அடைச்சிக்கினு நிக்குது, அத்தயெல்லாம் தீப்பெட்டி மாதிரி சின்னதாக்கற பவரு குடுங்கோ, புள்ளிங்க ஸ்கூலுக்கு நேரத்துக்குப் போவட்டும் என்றார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல். எது சொன்னாலும் உன் மாமன் மேடையில் தலையை ஆட்டி, செஞ்சிருலாம் செஞ்சிருலாம் என்றான், ஏதோ இவன்தான் செய்யப்போகிற மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, இவனுக்குப் பறக்கற பவரா, இவன் வூட்டு மாடிக்கு ஏறி டிஷ் ஆன்டெனாவைத் திருப்பவே பயந்துக்கினு என்னக் கூப்பிடறவன், கட்டில் மேல ஏறி ஃபேன் தொடச்சதில்ல என்று சத்தமாகச் சொன்னேன். ஹால் சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள், இன்னும் அந்த இடம் கன்றிப்போயிருக்கிறது. செங்குட்டுவனுக்கு முகம் சிவந்துபோனது, மைக்கைக் கையில் வாங்கினான், சண்டைதான் என்று நினைத்தேன். அவன் மெதுவாக, எங்க மாமா சொல்றது நெசம், எனக்கு ஒசரம்னா பேஜாரு, ஏணில ரெண்டு படி ஏறினாலே காலு ஆடும் என்றான். ரமா, அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் நான் எழுந்தேன், அவர்களோ அவனை முன்னைவிட அதிகமாக நேசிக்கத் தொடங்கிவிட்டார்கள். உஸ்மாவே கட்சி மாறிவிட்டாள். அப்டின்னா பறக்கற பவரே குடுத்துருலாம், பயந்துக்கினே பறக்கட்டும், அத்தான் நல்லாருக்கும் என்றாள். கண்ண மூடிக்கினு பறந்தா வழி யாரு சொல்லுவாங்கோ, காலப் புடிச்சிக்கினு கூடவே ஒருத்தர் போவணுமே என்று மொஹ்சின் கேட்க, பின்னால் யாரோ, ஒசரத்துக்குப் பயப்படாத ஒருத்தரு இங்கியே கீறாரே என்றார்கள். மொத்த ஹாலும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. உன் மாமன் காலில் தொங்கிக்கொண்டு போகிறவனாக நான். டீகூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு செங்குட்டுவன் நம் வீட்டுக்கு வரவில்லை. வேலை முடிந்தால் நேராக இங்கே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன், வரவே இல்லை. அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, நீ அவன அசிங்கப்படுத்துனியா இல்ல உன்னிய அசிங்கப்படுத்திக்கினியா, அத்த யோசி என்றாள். அவனோடு மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிட்ட வீடு மாதிரியே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் நானே பட்டறைக்குப் போனேன். வாசலில் பேனர் இல்லை. கழற்றிச் சுருட்டி மூலையில் சிலிண்டருக்குப் பின்னால் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு பொம்மைக்காவ நாம ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்கறது நல்லால்ல மாமா, பாப்பா கைல சொல்லி நிறுத்திடச் சொல்றேன் என்றான். சும்மா சொல்லவில்லை, கையில் போன் இருந்தது, உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட வாயைத் திறந்துவிட்டான். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். நல்ல மனதினால் பிடுங்கினேன் என்று நினைக்காதே. அவனுக்காகவும் இல்லை. அவன் மூஞ்சியாக இருந்தாலும் வரைகிற கை உன் கை, நீ அங்கே போனபிறகு உன் கையால் செய்தது என்று நான் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. ஏணி எங்கடா என்று மட்டும் கேட்டேன். அவன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே ஏறி அவன் பேனரைத் திரும்பக் கட்டினேன். எடது பக்கம் கொஞ்சம் தூக்கு மாமா, இன்னும் கொஞ்சம், ஆங் போதும் என்று கீழே இருந்து அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். இறங்கி மூச்சு வாங்குவதற்குள் இரண்டு பெண்கள் வந்து காந்த மாமாவோடு படம் எடுக்க வேண்டும் என்று போனை என் கையில் கொடுத்தார்கள். எடுத்துக்கொடுத்தேன். மீசை நன்றாகத் தெரிகிற மாதிரியே எடுத்தேன். அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தான், அம்மா வஞ்சிரம் வறுத்தாள், பெரிய துண்டு அவனுக்குத்தான் போனது.

ஆகவே கண்ணு, ஊர் கேட்கிறபடி அவனுக்குப் பறக்கிற பவரைக் கொடுத்துவிடு, உஸ்மா உனக்கு எழுதுவாள். பயத்தை எடுத்துவிடாதே, அது அவனுக்குப் பொருத்தமாக இருக்கிறது. என்னை மட்டும் அதில் வரைய வேண்டாம், யார் காலையும் பிடித்துக்கொண்டு தொங்க எனக்கு இஷ்டமில்லை. வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, பனியில் வழுக்காத செருப்பு போடு. எல்லா நலமும் பெற்று நீ நூறு வருஷம் நன்றாக வாழ வேண்டும், அம்மாவும் அதையே சொல்கிறாள். ஒன்றே ஒன்று மறக்காதே. அடுத்த தடவை போன் செய்தால், மாமா சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன்னால் நான் சாப்பிட்டேனா என்று கேள். மாமா என்று ஊரே அவனைக் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், என்னை நைனா என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் நைனா
பரசுராமன்