எல்லாக் கைகளும் உயரும்வரை

பிப்ரவரி 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மேலாளரின் செய்தி நேற்றே வந்துவிட்டது: 'சாயங்கால மாத்திரை விஷயம் நாளைக்கு முடிஞ்சாகணும்.' கவிழ்த்து வைத்தால் விஷயம் போய்விடுமா?

எங்கள் முதியோர் இல்லத்தில் மாலை நேரத்துக்கு இப்போது இரண்டு நர்ஸ்கள்தான். மற்றவர்களை நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் நடக்கத் தொடங்கிவிடுவார். ரயில்வேயில் இருந்தவர், ஞாபகம் போனாலும் வேலை போகவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "வண்டி வந்துடுச்சு, இறங்கறவங்க இறங்குங்க" என்பார். போன வாரம் வெளிக்கதவையும் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். அவரையும் அவரைப் போல நடப்பவர்களையும் மாலையிலேயே தூங்க வைத்துவிடலாம் என்பது மேலாளரின் யோசனை.

கூட்டத்தில் டாக்டர், "சின்ன டோஸ்தான். தூங்கினா அவருக்கும் நல்லதுதானே" என்றார்.

கடுகு விடவில்லை. நர்ஸ்களில் இளையவள், ஆளும் சிறுசு. அதனால் அந்தப் பெயர். "தூக்கம் வராதவங்களுக்குத்தானே சார் தூக்க மாத்திரை? நம்மகிட்ட ஆள் இல்லாததுக்கு அவரு ஏன் முழுங்கணும்?"

எல்லாக் கைகளும் உயரும்வரை எங்கள் கூட்டம் முடியாது. நான் பொறுப்பாளர் ஆனபோது கொண்டுவந்த வழக்கம் இது. சிறியவர்கள் பேச்சும் சபை ஏற வேண்டும் என்று நினைத்தேன். இன்று அவள் கையும் என் கையும் மட்டும் கீழே. ஊழியர் பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. "ஏம்மா, பஸ்ஸை விட்டுட்டு நடந்தா போறது?" என்றார் சமையல்காரர். நான் என் கையை உயர்த்தினேன். உயர்த்தியபடியே அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அவளும் உயர்த்தினாள்.

பிப்ரவரி 5

நடைவழி அமைதியாக இருக்கிறது.

பிப்ரவரி 11

ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் வந்திருந்தாள். "அப்பா இப்பல்லாம் சமத்தா இருக்காரு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம்." மாத்திரையைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "பரவால்லம்மா" என்றுதான் வந்தது.

பிப்ரவரி 19

காலையிலும் அவருக்குத் தெளியவில்லை. கரண்டி கையிலிருந்து நழுவுகிறது. நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரைத் தனியே கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு மேடம். நான் ஒருத்தன் எப்படி மாத்தறது?" மேலாளரிடம் போனேன். "டாக்டர் சொன்னா நிறுத்திட்டுப் போறோம்" என்றார்.

எல்லாருடைய முடிவு என்றால் யாருடைய முடிவும் இல்லை. இந்த வசதிக்காகத்தான் எல்லாரையும் கை தூக்க வைத்தேனா? இல்லையே. இல்லைதானே?

பிப்ரவரி 27

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம் மேலாளர் சொன்னார்: "இவங்க டீமே ஒரே மனசு. ஒருத்தர்கூட மாத்திப் பேசமாட்டாங்க." கைதட்டினார்கள். கடுகும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நீ மல்லுக்கு நின்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஒருத்திய உட்கார வைப்பாங்க. அவ இன்னும் மோசமா இருந்தா?" என்றார். இந்த ஒரு கேள்வியைத் தலையணையாக வைத்துக்கொண்டு எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறோமோ.

மார்ச் 4

ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்து நிற்க வைத்துப் பார்த்தோம். முழங்கால் மடிந்தது. கால் நடையை மறந்துவிட்டது என்கிறார் பிசியோதெரபிஸ்ட். இனி மாத்திரை இல்லாவிட்டாலும் எங்கே போகப்போகிறார்?

அவர் காதருகே குனிந்து, "சார், வண்டி வந்துடுச்சு" என்றேன்.

"எந்த வண்டி?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

மதியமும் ஒரு மாத்திரை. மாடியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. நாளைக் கூட்டத்தில் இதுதான்.

மாலையில் கடுகு போன் செய்தாள். "நாளைக்குச் சட்டுனு முடிச்சுடலாம்க்கா. நான் முதல்லயே கையைத் தூக்கிடறேன்." அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாளை என் கை மடியிலேயே இருக்கும். வழக்கத்தை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் என்னை. மாத்திரை எப்படியும் வந்துவிடும். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நடக்கப்போவதும் இல்லை. தெரிந்தேதான்.

"நாளைக்கு மீட்டிங் எப்ப முடியும்? வந்து கூட்டிட்டு வரேன்" என்றார் கணவர்.

"வேணாம். நேரமாகும். நீங்க சாப்பிட்டுடுங்க."