ஃபிரூஸா ஹானிம் கடித்த ஆப்பிள்

உர்மியா

அன்பு மகள் ஆய்லாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணன் அராஸும் கடவுள் புண்ணியத்தில் சுகம், என் முழங்கால் மட்டும் பனியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ அந்த ஹாலந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதைச் சொல். இது போனிலேயே சொல்லவேண்டிய சங்கதிதான், ஆனால் உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பேச விடமாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

நீ செய்து அனுப்பிய நானோ பையைப் பற்றித்தான். கண்ணுக்கே தெரியாத களிமண் துகள் கலந்தது, பழம் விடுகிற மூச்சை அது வாங்கிக்கொள்ளும், பழம் சீக்கிரம் தளராது என்றாய். சொன்னபடியே நம் தோட்டத்து ஆப்பிள் ஒரு பெட்டியை அதில் போட்டு வாயைக் கட்டி, இன்னொரு பெட்டியைச் சும்மா விட்டு, நிலவறையில் வைத்தேன். போன வாரம் அவிழ்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்கிக் கிடந்தன. கொஞ்சமும் யோசிக்காமல் உன்னிடம் சொல்லிவிட்டேன். "சரிப்பா, இந்த ஆராய்ச்சிய விட்டுடறேன், பேராசிரியர்கிட்ட சொல்லிடறேன்" என்று நீ சொன்ன குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. உன் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அராஸுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் பெரியம்மா ஃபிரூஸா ஹானிம் இருக்கிறாளே, குறை சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷி. அவள் என்னிடம், "போன மாசம் உங்க வீட்டுல வெச்சீங்களே ஆப்பிள், அது என்ன பழம்ங்க? குளிர்காலமே முடியப் போவுது, கடிச்சா மொறுக்குனு சத்தம் கேக்குதே!" என்றாள். நான் திருதிருவென்று முழித்தேன். உன் அம்மா தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டிக் கேட்டேன். "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி சுருங்கின பழத்தையா வைப்பாங்க? கடையில வாங்கினா, தோட்டக்காரன் வீட்டுல கடைப்பழம்னு அந்தம்மா ஊரெல்லாம் சிரிப்பா. அதான் பையில இருந்ததை எடுத்துட்டேன். பையைக் காலியா பாத்தா நீங்க கத்துவீங்கன்னு மத்த பெட்டியில பாதிப் பழத்தை அதுல போட்டுக் கட்டி வெச்சேன்" என்றாள். மிச்சத்தையும் அவர்கள் கிளம்பும்போது மடியில் கட்டிக் கொடுத்தாளாம். நீ ஆராய்ச்சியை விடுவதாகச் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். வீடு வரும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

உன் பையில் இருந்ததில் ஒரு பழம்கூட மிச்சமில்லை, இது உங்கள் கணக்கில் சாட்சியாகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணே, பிள்ளையின் கல்யாணம் கூடுமா கூடாதா என்றிருந்த அன்று, உன் அம்மா இரண்டு பெட்டியையும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, உன் பழத்தைத்தான் எடுத்தாள்.

பேராசிரியரிடம் எதுவும் சொல்லாதே, சொல்லியிருந்தால் இல்லை என்று சொல்லிவிடு. கம்பளிக் காலுறை போட்டுக்கொள். உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும், நீ நன்றாக இருப்பாய்.

உன் அப்பா,
யாதுல்லா

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது அம்மா வந்து நிற்கிறாள். கல்யாணத்துக்குள் அந்தப் பை இன்னும் பத்து வேண்டுமாம், பெரிய அளவாக.