எனக்கு ஒரு மகன்தான்

பதுளை
24.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் அஞ்சலின் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருமல் எப்படி? பனியில் காதைக் கட்டாமல் திரிகிறீர்கள் என்று தம்பி றொபின்சன் கோள் சொன்னான்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நம் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், போனில் பேசினால் கடைசிக் காம்பராவில் இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். இது அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம்.

எங்கள் ஆபீசில் வேலை செய்யும் ஜீவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? வருடக் கடைசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் பதுளையில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள். என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அப்பா தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மொனராகலையில் பெரியப்பா வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

இப்போது என்ன தொல்லை என்றால், சித்திரை லீவுக்கு ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அந்த நீண்ட மலைப்பாதையில் நடக்கப் போகிறோம். அப்புத்தளையில் தொடங்கி, மூன்று நாள் தேயிலைக்குள்ளேயே நடந்து, எல்ல டவுனில் இறங்குவதாக ஏற்பாடு. மாசிப் பனி போய் மலை புதுக் கொழுந்தோடு இருக்கும், பார்க்க வேண்டிய காட்சி என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். ஏப்ரல் பதினான்காம் தேதி பூனாகலை வழியாக வருவோம். நீங்களும் றொபின்சனும் பாதையோரம் போட்டிருக்கிற தேத்தண்ணிக் கொட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அப்பா, அன்று ஒரு நாள் கொட்டிலைச் சாத்திவிட முடியுமா? கேட்க வாய் கூசுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகள்
அஞ்சலின்


பூனாகலை
31.03.2025

அன்பு மகள் அஞ்சலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இருமலும் நன்றாகத்தான் இருக்கிறது. என்னை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. றொபின்சனுக்கு முதலில் வாயைக் கட்ட வேண்டும், பிறகு என் காதைக் கட்டலாம்.

கொட்டிலைச் சாத்திவிடுகிறேன். இதற்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதினாய்? கிளாக்கர் என்றா சொன்னாய்? சொன்னதுதான் சொன்னாய், துரை என்று சொல்லியிருக்கக் கூடாதா? பொய்யிலாவது நமக்கு ஒரு பங்களா கிடைத்திருக்கும்.

றொபின்சனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவளுக்கு நாம வேணாம்னா நமக்கும் அவ வேணாம்ப்பா" என்று கத்தினான். "அப்பன் நாப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி புடிச்சு தேயில வெட்டுனான்னு ஊருக்குள்ள சொல்லிக்கிறதுல அவளுக்கு என்னடா பெரும இருக்கு?" என்றேன். அப்படிச் சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேனே தவிர, எனக்கும் வலித்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பாதையில் அட்டை இருக்கிறது. காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நட. பகல் திரும்பினால் இடியோடு மழை வருகிறது, மழைக் கோட்டை மறந்துவிடாதே. உன் அம்மா இருந்தால் இன்னும் பத்துப் புத்தி சொல்லியிருப்பாள்.

ஜீவன் தம்பி குடிப்பாரா? அதை மட்டும் எழுது.

அன்புடன்
அப்பா


பதுளை
17.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சொன்னபடியே கொட்டில் சாத்தியிருந்தது. தூரத்தில் அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்கே இப்போது வெட்கப்படுகிறேன். அந்த நேரம் பார்த்தா மழை கொட்ட வேண்டும்! எல்லோரும் ஓடிப்போய் உங்கள் கொட்டில் கூரையோரம் ஒடுங்கி நின்றோம். என்னோடு வேலை செய்கிற ஸில்மியாவுக்குக் குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. நீங்கள் லயத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தீர்கள், பின்னாலேயே றொபின்சன். நனைகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உங்களால் வீட்டுக்குள் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

"உள்ள வாங்க, உள்ள வாங்க. நனையாதீங்க மிஸ்" என்றீர்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். மிஸ் என்று.

அடுப்பை மூட்டி எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு தெரிந்த முகம் என்று ஒரு பார்வை கூட என் பக்கம் வரவில்லை. நான்தான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். றொபின்சன் சுவரில் சாய்ந்து என்னை முறைத்துக்கொண்டே நின்றான். ஜீவனுக்கு யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க முடியாது. உங்களிடமும் கொடுத்தார்.

"ஐயாவுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"எனக்கு ஒரு மகன்தாங்க. இந்தா நிக்கிறான்."

தேத்தண்ணியை என் மேலேயே சிந்திக்கொண்டேன். "சுட்டுட்டுதா?" என்று ஸில்மியா கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் எனக்காகத்தான் அப்படிச் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டதற்கு மேலேயே செய்தீர்கள். பிறகு ஏன் அப்பா என்னால் தாங்க முடியவில்லை? மீதிப் பாதை முழுக்க எல்லோரும் மலையைப் படம் எடுத்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே எல்ல வரை நடந்தேன். என்னைப் போல ஒரு கேவலமான பிறவி இருக்க முடியாது.

ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புறப்பட்டபோது நான் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தேன். பாதை வளைகிற இடத்தில், சவுக்கு மரத்தடியில் நின்று, திரும்பி "அப்பா" என்று கூப்பிட்டேன். யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் உங்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது. விழுந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே சரியாகியிருக்கும்.

ஜீவன் குடிப்பதில்லை. அவரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னை வெறுத்துவிடாதீர்கள்.

அஞ்சலின்


பூனாகலை
23.04.2025

அன்பு மகளுக்கு,

உயிர்த்த ஞாயிறு இங்கே நல்லபடியாக நடந்தது. உன் கடிதம் மறுநாள் வந்தது. வெறுக்கிறதாவது! என்ன பேச்சு இது?

ஜீவன் தம்பியை எனக்குப் பிடித்திருக்கிறது. குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். அத்தனை பேரில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை, நீ உட்பட.

பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எனக்கு ஒரு மகன்தான் என்று பொய் சொல்லிவிட்டேன் பாதர் என்றேன். "யாருகிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார். "மருமகனா வரப் போறவருகிட்ட" என்றேன். பிறகு ஒரு ஜெபத்தைச் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மன்னித்துவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்ன வாயைத் திறந்து எப்படி நன்மை வாங்குவது? பூசையில் எல்லோரும் அந்த அப்பத்தை வாங்க எழுந்து போனபோது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆகவே வெட்கம் உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. இந்த வீட்டிலும் இருக்கிறது.

இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் ஒரு மகள், ஒரு மகன் என்றுதான் சொல்லுவேன். ஜீவன் தம்பி மறுபடியும் இந்தப் பாதையில் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். கொட்டிலையும் இனிச் சாத்துவதாக இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, புள்ள. ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை என்னால் முடியாது.

நீ கூப்பிட்டதாக எழுதியிருக்கிறாய். மழை நின்ற பிறகுதானே நீங்கள் எல்லோரும் புறப்பட்டீர்கள்? நானும் றொபின்சனும் கொட்டில் வாசலிலேயே நின்றோம். நீ திரும்புவாய் என்று எனக்கு என்னமோ தோன்றிக்கொண்டே இருந்தது. அடுப்புச் சாம்பலை அள்ளப் போனவனைக் கூட, சத்தம் போடாதேடா என்று பிடித்து நிறுத்திவிட்டேன். நீ சவுக்கு மரத்தடியில் நின்றாய். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாய். பிறகு வளைவில் திரும்பிப் போய்விட்டாய்.

நீ கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

அப்பா