கட்டாயத் தூக்கம்

இட்டேன் ஊர் ஓட்டப் பயிற்சி முகாமில் இருக்கும் என் கணவருக்கு,

உங்கள் பயிற்சி அட்டவணை கிடைத்தது. ஐந்தரைக்கு ஓட்டம், பத்துக்கு மறு ஓட்டம், மதியம் இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம். ஒழுங்கில்லாதவன் ஜெயிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். நேற்று மதியம் நானும் ஒழுங்காகப் படுத்தேன்.

"என்னடி, பட்டப்பகல்ல படுத்துக் கிடக்கே? உகாலிக் களி யார் கிண்டுவா?" என்றார் உங்கள் அம்மா.

"பயிற்சி பண்றேன், அத்தை."

"என் பிள்ளை அங்க உடம்பை முறிச்சு ஓடுறான். உனக்கென்ன கேடு?"

நீங்களும் இந்நேரம் குறட்டை விடுகிறீர்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

முகாமில் வேறொருத்தி இருந்தால்கூட எனக்கு இவ்வளவு பொறாமை வந்திருக்காது. வந்தது அந்தத் தூக்கத்தின் மேல். மாவட்டப் பந்தயத்தில் நான் தங்கம் வாங்கிய வருடம், ஆண்கள் ஓட்டத்தில் நீங்கள் ஏழாவது. மகள் செப்கெமோய் பிறந்த பிறகும் நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், மாட்டுக்கும் அடுப்புக்கும் நடுவே.

சனிக்கிழமை வழக்கம்போல வாருங்கள். ஞாயிறு திரும்ப வேண்டாம். பெண்கள் முகாமில் எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. இங்கே ஐந்தரைக்குப் பால் கறக்க வேண்டும், பத்துக்கு மகளுக்குக் கஞ்சி. மதியம் தூக்கம் வந்தால் உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

இப்படிக்கு,
பெட்டி கட்டிவிட்ட உங்கள் மனைவி