மூர்த்தி மலையில் இருந்தான், நைனா

என் உயிரான நைனாவுக்கு,

உன் பிள்ளை கிடைத்துவிட்டான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதைச் சொல்ல வந்தாலும் முடிவை முதலில் கேட்கிற ஆள் நீ. "மீன் பட்டுச்சா இல்லியா, அத சொல்லு மொதல்ல" என்பாய். பட்டது நைனா. ஆனால் எப்படிப் பட்டது என்று கேட்டால் நீ என்னைத் திட்டுவாய்.

ரோமுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூர்த்தி என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அவன் மடியில் உனக்காக ஒரு பாலாடைக்கட்டி இருக்கிறது. சுரைக்காய் மாதிரி கழுத்தில் கயிறு கட்டியிருக்கிறது. அவனே செய்ததாம். நீ செத்து நாலு மாசம் ஆகிறது என்று அவனுக்குத் தெரியாது.

தெரியாது என்றால், நான் சொல்லவில்லை.

உனக்குக் கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். பிள்ளை இருந்தும் இல்லாதவனைப் போல நீ போனதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் அஸ்தியில் பாதியை ஒரு கலயத்தில் கட்டி வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். "இப்டி வெச்சிக்கினு இருக்கக்கூடாது தேவி. வர்ற அமாவாசைக்குள்ள கரச்சிடு" என்றார்கள். என் தம்பி வந்து முகத்துவாரத்தில் கரைப்பான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவன் இத்தாலியில் எந்த மூலையில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள்தான்.

ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தேன். அவர்கள் எல்லோரும் தேவாலயத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தபோது நான் கழன்றுகொண்டேன். நர்ஸ் வேலையில் இத்தனை வருஷம் ஒரு நாள் பொய் லீவு போட்டதில்லை. இப்போது பார், பொய்யிலேயே வந்து பொய்யிலேயே திரும்புகிறேன்.

அவன் கடைசியாக அனுப்பிய செய்தி உனக்கு மனப்பாடம். "மொலிசேன்னு ஒரு எடம். இங்கேந்து பாத்தா கடல் தெரியுதுக்கா." அதோடு ஒரு போட்டோ. கனத்த சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பெரிய பித்தளை மணி. "பாத்தியா, படகு மணி! மூட்டம் போட்டா அடிப்பாங்க" என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். குப்பம் முழுக்கக் காட்டினாய். அம்மன் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "எம் புள்ள இத்தாலியில பெரிய படகு ஓட்றான்" என்று சொன்னாய். பிறகு போன் வரும்போதெல்லாம் உனக்கு ஒரே கேள்விதான்: "படகக் காட்டுடா, நைனா ஒருவாட்டி பாக்கறேன்."

கொஞ்ச நாளில் போன் வருவதே நின்றுபோனது. நம்பரும் போய்விட்டது. ஏன் என்று நாம் இருவரும் ஒரு தடவையாவது யோசித்தோமா, நைனா?

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆட்டோவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இதுதான். "அவன் தண்ணியண்டதான் இருப்பான். கரையோரமாவே தேடு." சொன்னபடியே தேடினேன். கரையோரமாகவே தேடி நாலு நாளைத் தொலைத்தேன்.

மொலிசே என்பது சின்ன மாநிலம் நைனா. இத்தாலிக்காரர்களிலேயே பாதிப் பேர் போனதில்லையாம். கொஞ்சூண்டு கடற்கரை, மிச்சமெல்லாம் மலை. அந்தக் கொஞ்சூண்டு கரையில் நான் ஏறி இறங்காத படகு இல்லை. போட்டோவைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு இடத்தில் கடலுக்குள் கம்புகளை நட்டு அதன்மேல் குடிசை போட்டிருந்தார்கள். நீளக் கம்புகளில் பெரிய வலை தொங்கியது. குடிசைக்குள் நின்றபடியே அதை இறக்குகிறார்கள், தூக்குகிறார்கள். கால்கூட நனையவில்லை. "சோம்பேறிப் பசங்க" என்று நீ சொல்லியிருப்பாய். சொல்லிவிட்டு, நாள் பூரா அங்கேயே நின்று பார்த்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

அங்கேதான் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மணியைத் தொட்டுக் காட்டினார். படகு என்று சைகை செய்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "மே... மே..." என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி எனக்குப் பின்னால் காட்டினார். நாலு நாளாக நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத மலை அங்கே இருந்தது.

அது ஆட்டு மணி, நைனா. ஆட்டின் கழுத்தில் கட்டுகிற மணி. பிறந்ததிலிருந்து தண்ணீரையே பார்த்த நமக்கு மணியைக் கண்டால் படகு, பூட்ஸைக் கண்டால் படகு, கடல் தெரியுது என்றால் கரை. நம்மைவிட மக்குகள் எங்காவது உண்டா?

மறுநாள் காலை பஸ் ஏறினேன். வளைந்து வளைந்து ஏறியதில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். மேலே ஒரு சின்னக் கல் ஊர். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ரொட்டிக் கடைக்காரம்மா போட்டோவைப் பார்த்ததும் "மூர்த்தி!" என்று கத்திவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். புல்வெளிக்குப் போகுமுன்பே அவன் குரல் கேட்டது. "தோ, எங்க போற நீ? கய்தே, திரும்புடா இங்க!" இத்தாலி ஆடுகளை நம் குப்பத்துப் பாஷையில் திட்டிக்கொண்டிருந்தான். காரிலிருந்து இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் பாதியாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவில்லை. பூட்ஸைத்தான் மறைக்கப் பார்த்தான், புல்லுக்குள் காலை இழுத்துக்கொண்டு. படகு வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் கொண்டுவந்து ஆட்டுப்பட்டியில் விட்டுப் போயிருக்கிறான். பட்டிக்காரக் கிழவனும் கிழவியும் நல்லவர்கள், சோறு குறையில்லை. விசா முடிந்துபோனதால் கீழே இறங்கவே பயந்திருக்கிறான். ஒரு பாறையைக் காட்டினான். அங்கே நின்றால் தூரத்தில் கோடு போட்ட மாதிரிக் கடல் தெரிகிறது. தினமும் அங்கே போய் நிற்பானாம்.

"வாடா ஊட்டுக்கு" என்றேன்.

"வர்ல. நைனா மொகத்துல எப்டிக்கா முழிப்பேன்? படகக் காட்டு, படகக் காட்டுன்னுச்சு. நா இன்னாத்த காட்டுவேன், ஆட்டயா?"

"நைனா ஒண்ணும் சொல்லாதுடா."

"ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கு. அது தலகுனிஞ்சி நிக்கறத நா பாக்கணுமா? நா வர்ல, நீ போ."

அவன் ஆடுகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான். மறுநாள் ரோமில் விமானம் ஏறவேண்டும், என் கையில் அந்த ஒரு நாள்தான் இருந்தது. மரத்தில் தொங்கும் கலயம் கண்ணுக்குள் வந்தது. என்ன செய்யச் சொல்கிறாய்? என் வாயில் அது தானாக வந்துவிட்டது.

"நீ ஆடு மேய்க்கிறது நைனாவுக்குத் தெரியும்டா. சொல்லிட்டேன். வுயுந்து வுயுந்து சிரிச்சிது. ஆட்டுக்காரனா இருந்தா இன்னா, எம் புள்ளய இட்டுக்கினு வான்னுதான் என்ன அனுப்பிச்சிது."

அவன் நின்றான். "மெய்யாவாக்கா?" என்றான். பிறகு அங்கேயே குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அரை மணி நேரத்தில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மூட்டை கட்டிவிட்டான். கிழவி அவன் நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்பினாள்.

அதிலிருந்து ஒரே நச்சரிப்பு. "போன் போடுக்கா, நைனாகிட்ட பேசறேன்." தொழிலுக்குப் போயிருக்கு, சிக்னல் இருக்காது என்றேன். அடுத்து, தூங்குது என்றேன். அடுத்து, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். உன் போன் என் பைக்குள்தான் இருக்கிறது நைனா. கடலில் நீ இடுப்பில் கட்டிக்கொள்வாயே, அதே பிளாஸ்டிக் கவரோடு.

உன்மேல் எனக்குக் கோபம். படகைக் காட்டு என்று கேட்காமல், சாப்பிட்டியா என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவன் வாயைத் திறந்து சொல்லியிருப்பான். நீயும் அவனைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நீ பெருமைக்காக ஒரு கதை சொன்னாய், நான் பயத்தில் ஒரு கதை சொல்லிவிட்டேன். இரண்டையும் சுமக்கிறவன் இந்தப் பையன்தான்.

இப்போது சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மலைக்கே ஓடிவிடுவான். பிறகு ஆயுசுக்கும் கிடைக்கமாட்டான். சொல்லாமல் கூட்டிப்போனால், பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு "நைனா" என்று கூப்பிட்டபடி வாசலுக்கு ஓடுவான். அங்கே மாலை போட்ட உன் போட்டோ இருக்கும். அதை நான் எப்படிப் பார்ப்பேன்? நீயாவது சொல்லேன்.

விழித்துவிட்டான், நைனா. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலாடைக்கட்டியைத் தடவிப் பார்க்கிறான். "நைனாவுக்கு முன்பல்லு கெடையாதே. இது கெட்டியா கீது. சின்னச் சின்னதா சீவிக் குடுத்தா மென்னுடும் இல்லக்கா?" என்று கேட்கிறான். பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முடியவில்லை. ரோம் வரைக்கும்கூட இதைச் சுமக்க என்னால் முடியாது. பேனாவை மூடியதும் சொல்லப்போகிறேன். அவன் என்னை அடிக்கட்டும், திட்டட்டும். இறங்கி ஓடினால் பின்னாலேயே ஓடுகிறேன், விமானம் போனால் போகட்டும். உனக்கு ஒரே ஒரு வாக்கு தருகிறேன்: இனிமேல் உன் பெயரைச் சொல்லி அவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லமாட்டேன். அமாவாசைக்குள் முகத்துவாரத்துக்கு அவன் வந்தால், கலயம் அவன் கையில். வராவிட்டால் நானே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உன்னைக் கரைக்கிறேன், ஊர் என்ன சொன்னாலும்.

அவன் இன்னும் என்னையே பார்க்கிறான்.

கரையோரமாகவே தேடிய உன் மகள்,
மூர்த்தியின் அக்கா,
தேவி