வெட்கக்காரனின் விசில்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா, தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு.

அப்பாவே போயிட்டாரு, காட்டோரத்துல தனியா இன்னும் என்னம்மா இருக்கு உனக்கு, எங்ககூட வந்துடு என்று போனில் அழுதாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். வெட்கக்காரன் என்று உங்கப்பா பேர் வைத்த பறவை ஞாபகம் இருக்கும், சருகுக்குள் தரையிலேயே நடக்கும், குரல்தான் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது. காட்டுக் காவல் முடிந்து வரும்போது அவரும் அதைப் போலவே நீளமாக விசில் அடிப்பார், நான் சாப்பாட்டைச் சுட வைப்பேன், நீ வாசலுக்கு ஓடுவாய். சில நாள் அது நிஜப் பறவையாக இருக்கும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவாய். அதில் ஆண்தான் அடைகாக்குமாம், அவர்தான் சொன்னார். அப்ப நீங்களும் பிள்ளைத் துணி அலசிப் பழகுங்க என்றேன். மறுநாளே குழாயடியில் உட்கார்ந்துவிட்டார் மனுஷன், உன் சட்டையெல்லாம் சாயம் போனதுதான் மிச்சம்.

அவர் போன பிறகும் சாயங்காலம் விசில் வருகிறது கண்ணு. கை தானாக அடுப்பைப் பற்றவைக்கிறது, தட்டையும் வைத்துவிடுகிறேன். பறவைதான் என்று தெரியும், ஆனால் கண்ணால் பார்த்ததில்லையே, அவராகவும் இருக்கலாமே என்று மனசில் ஒரு மூலையில் கிடந்தது. நான் கிளம்பிவிட்டால் அவர் வந்து தேடுவாரே என்று பயம். பக்கத்து வீட்டு டிரைவர் பெண்டாட்டி, யாருக்குக்கா இன்னொரு தட்டு என்று கேட்டாள், பூனைக்கு என்றேன். நம்மிடம் ஏது பூனை.

முந்தாநாள் மழை விட்டதும் விறகெடுக்கப் பின்பக்கம் போனேன். மரத்தடியில் நின்றது, வாலில்லாத கோழி மாதிரி, பழுப்பாக. என்னைப் பார்த்தபடியே கழுத்தை நீட்டி விசில் அடித்தது. அதைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன், பார்த்ததும் ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அப்புறம் உள்ளே வந்து எனக்கு மட்டும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளையை லீவு போட்டு வரச் சொல், தனியாக வண்டி ஏற எனக்குத் தெரியாது. நீங்கள் மூவரும் மனம் குளிர்ந்து வாழ வேண்டும். வரும்போது பெரிய பை ஒன்று கொண்டுவரச் சொல்ல மறக்காதே, உங்கப்பா சட்டைகளை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உன்னிடம் வரக் காத்திருக்கும் அம்மா